வீட்டை விற்றுவிட்டுச் சின்ன ஃபிளாட்டுக்குப் போகலாமா? ஓய்வு பெற்றவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னை நங்கநல்லூரில் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 1994-ல் வீடு கட்டிக் குடிபோனோம். மகன் இப்போது டொராண்டோவில், மகள் புனேயில். நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நாலு படுக்கையறை வீட்டில் இரண்டே பேர். விற்பதா இருப்பதா என்று மூன்று வருடம் பேசினோம், பதினோரு மாதம் வாடகை ஃபிளாட்டில் குடியிருந்தும் பார்த்தோம். அதனாலோ என்னவோ, காலையில் கூட நடப்பவர்கள், பழைய ஆபீஸ் சகாக்கள், சொந்தக்காரர்கள் என்று ஆளாளுக்கு என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். வரிக் கணக்கு 2025-26 நிதியாண்டுக்கானது. அதற்குப் பின் 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டதால், எண்களைச் சொல்லவில்லை. விற்கும்போது ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

கடைசிப் பிள்ளையும் போயாயிற்று. உடனே முடிவெடுக்க வேண்டுமா?

வேண்டாம். கல்யாணமோ, ஓய்வோ, வீட்டில் ஒரு சாவோ நடந்த வருடத்தில் வீட்டை விற்காதீர்கள். அந்த வருடம் வீடு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு வேலையை இப்போதே ஆரம்பிக்கலாம். பீரோவைத் திறந்து பத்திரங்களைப் பாருங்கள். மூலப் பத்திரம் இருக்கிறதா, பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா, சொத்து வரி ரசீது யார் பெயரில் வருகிறது? வீடு இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருந்தால் அண்ணன், தங்கை எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். அதில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அங்கிருந்து பவர் எழுதி வரவேண்டும், அவருடைய பங்குக்கு வாங்குபவர் வரிக்காகப் பிடிக்கிற டிடிஎஸ்ஸும் அதிகம். விற்பதே இல்லை என்று முடிவு செய்தாலும் இந்த வேலை வீண் போகாது. அறுபத்தைந்தில் செய்தால் அலைச்சலோடு போகும், எண்பதில் முடியவே முடியாது.

எதை வைத்து முடிவு செய்வது? பணமா, வசதியா?

நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி. உங்கள் இருவரில் ஒருவர் போன பிறகு, மற்றவர் இந்த வீட்டில் தனியாக இருக்க முடியுமா?

கேட்கக் கஷ்டமான கேள்விதான். நாங்களே இதைப் பேச ஒரு வருடம் ஆயிற்று. ஆனால் எல்லாத் தம்பதியும் இரண்டு பேருக்காக வீடு பார்க்கிறார்கள், கடைசி வருடங்களை அதில் ஒருவர்தான் கழிக்கிறார். பெரும்பாலும் மனைவி. அவருக்கு மோட்டார் போடத் தெரியுமா, ஈபி பில் எந்தப் போனிலிருந்து கட்டுகிறோம் என்று தெரியுமா, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் வருவது யார்? அந்தப் பெயரைச் சொல்ல முடிந்தால் எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் இருக்கலாம். சொல்ல முடியாவிட்டால் அடையாறில் கடல் பார்த்த ஃபிளாட்டுக்குப் போனாலும் கதை அதேதான்.

வீடு பெரிதாக இருப்பதுதானே பிரச்சினை? பெருக்க முடியவில்லை என்கிறார் மனைவி.

பூட்டிவைத்த அறை யாரையும் ஒன்றும் செய்வதில்லை. தனி வீட்டில் ஆளை ஓய்த்துப்போடுவது வேறு விஷயங்கள். சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பது, போர்வெல் மோட்டார் காயில் போனால் ஆள் தேடுவது, மொட்டை மாடியில் இலை அடைத்து மழைநீர் தேங்குவது, தென்னையில் மட்டை தொங்குவது. எங்கள் தெருவுக்கு மரம் ஏற வந்துகொண்டிருந்தவர் ஊருக்குப் போய்விட்ட பிறகு ஒரு மட்டை எட்டு மாதம் தொங்கியது. அதன் கீழே நடக்க எங்கள் இருவருக்கும் பயம். கடைசியில் கீழே நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் மேல் விழுந்தது. நல்ல மனிதர், சண்டை போடவில்லை.

இந்த வேலைகளுக்கு நம்பகமான ஒரு பிளம்பரும் ஒரு எலெக்ட்ரீஷியனும் ஃபோனில் இருந்தால் பாதி பாரம் குறைந்துவிடும். பெருக்குவதற்காக வீட்டை விற்பதைவிட ஆள் வைப்பது மலிவு.

பேரப்பிள்ளைகள் வந்தால் தங்க இடம் வேண்டாமா?

நாங்கள் காலண்டரை எடுத்து எண்ணினோம். அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் மகன் வந்து தங்கியது மொத்தம் 31 நாள், மகள் 44 நாள். அதில் சேர்ந்தாற்போல் இரண்டு பேரும் இருந்தது ஆறு நாள். அந்த ஆறு நாளுக்காக இரண்டு அறையும் இரண்டு ஏசியும் காத்திருக்கின்றன. கணக்குப்படி பார்த்தால் அபத்தம். ஆனால் அந்த ஆறு நாளில் பேத்தி மாடிப்படியில் உட்கார்ந்து தேங்காய் பர்ஃபி சாப்பிட்டதை எந்தக் கணக்கில் எழுதுவது? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், பிள்ளைகளிடமே கேட்டேன். “திரும்பி வந்து இந்த வீட்டில் இருப்பீர்களா?” மகன் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “இல்லப்பா” என்றான். எனக்கு வருத்தம்தான். ஆனால் அதற்கு முன் ஐந்து வருடமாக அவனுக்காக வீட்டை வைத்திருக்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், எங்களுக்காக விற்காமல் இருக்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்?

எல்லாரும் விற்கிற விலையிலிருந்து வாங்குகிற விலையைக் கழித்து மீதியைச் சொல்கிறார்கள். நடுவே போகிறது நிறைய. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

வீடு 2.50 கோடிக்குப் போகிறது என்று வையுங்கள். 2001-க்கு முன் வாங்கியது என்றால், 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் காட்டலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. அது 15 லட்சம் என்போம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு இரண்டு வழி உண்டு: பணவீக்கக் கணக்கு இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம். 2001-ல் 100 ஆக இருந்த பணவீக்கக் குறியீட்டெண் 2025-26-ல் 376 என்பதால் 15 லட்சம் 56.4 லட்சமாகும். அந்த வழியில் வரி 38.7 லட்சம். பழைய வழியை விட்டு, 2.35 கோடி லாபத்துக்கு நேராக 12.5 சதவீதம் போட்டால் 29.4 லட்சம். பணவீக்கச் சலுகை போய்விட்டதே என்று புலம்புகிறவர்கள் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை. பல மடங்கு ஏறிய பழைய வீட்டுக்குப் பெரும்பாலும் 12.5-தான் லாபம்.

இந்த வரியும் முழுதாகக் கட்ட வேண்டியதில்லை. 1.10 கோடிக்குப் பழைய ஃபிளாட் வாங்குகிறீர்கள். பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், கிட்டத்தட்ட 10 லட்சம். இந்த 1.20 கோடியும் லாபத்திலிருந்து கழியும். விற்றதற்கு ஒரு வருடம் முன்போ, இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கியிருக்க வேண்டும். கட்டுவதானால் மூன்று வருடம். ரிட்டர்ன் போடும் தேதிக்குள் வாங்கவில்லை என்றால் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும், சாதாரண எஃப்டியில் அல்ல. இதில் ஏமாந்தவர்களை என் வேலைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னும் 50 லட்சத்தை ஆறு மாதத்துக்குள் அரசு நிறுவனங்களின் மூலதன ஆதாயப் பத்திரங்களில் போட்டால் அதற்கும் விலக்கு. ஐந்து வருடம் எடுக்க முடியாது, வட்டி 5.25 சதவீதம்தான்.

மிச்சம் 65 லட்சத்துக்கு வரி, சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சத்துச் சொச்சம். இரண்டு பக்கமும் புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம் வைத்தால் மூன்றரை லட்சம். மரவேலை, பெயின்ட், சாமான் ஏற்றி இறக்குவது எட்டு லட்சம் என்று வையுங்கள். கடைசியில் நிற்பது 1.09 கோடி. அதில் 50 லட்சம் பத்திரத்தில் முடங்கிவிடும். மீதி 59 லட்சத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் (தலைக்கு 30 லட்சம் வரை, 2025-26-ல் 8.2 சதவீதம்) மாதத்துக்குச் சுமார் 40,000. அதில் ஃபிளாட் பராமரிப்புக்கு ஐந்தாறாயிரம் போகும்.

பென்ஷன் இல்லாதவருக்கு இந்த 40,000 பெரிய விஷயம், அவர் விற்பதில் அர்த்தம் இருக்கிறது. பென்ஷன் வருகிறவருக்கு எனக்கென்னவோ அத்தனை அலைச்சலுக்கும் இது போதாது என்றுதான் தோன்றுகிறது.

பில்டருக்குக் கொடுத்து, இரண்டு ஃபிளாட் வாங்கிக்கொண்டால்?

எங்கள் பக்கம் வாரம் ஒருவராவது கேட்டைத் தட்டுகிறார். “சார், ஜாயின்ட் வென்ச்சர் ஐடியா இருக்கா?” கணக்கு எளிது. 2,400 சதுர அடி மனை, எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்றால் 4,800 சதுர அடி கட்டலாம். பாதிக்குப் பாதி என்றால் உங்களுக்கு 2,400. அதை இரண்டு ஃபிளாட்டாக வாங்கி ஒன்றில் குடியிருந்து ஒன்றை வாடகைக்கு விடலாம். தனிநபருக்கு வரியும் ஒப்பந்தம் போட்ட அன்றைக்கு இல்லை, கட்டி முடித்த சான்றிதழ் வருகிற வருடத்தில்தான். அதே தெரு, அதே பூக்காரம்மா, அதே மெடிக்கல் ஷாப். காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

சிக்கல் நடுவில் இருக்கிற காலம். பதினெட்டு மாதம் என்று சொன்னது மூன்று வருடம் ஆகலாம். அதுவரை வாடகை வீடு. எனக்குத் தெரிந்த ஒருவர் 74 வயதில் கையெழுத்துப் போட்டார், வாடகையைப் பில்டர் தருவதாக ஏற்பாடு. ஒரு வருடம் தந்தார், அப்புறம் நிறுத்திவிட்டார். கட்டடம் இரண்டாம் தளத்தில் நின்றுபோயிற்று. புது வீட்டில் பால் காய்ச்சியபோது அவர் மனைவி இல்லை. ஆகவே வயதை முதலில் பாருங்கள். அறுபத்திரண்டில் சரி, எழுபத்தைந்தில் நான் செய்யமாட்டேன். செய்வதானால் விற்கும் அதிகாரத்தைப் பில்டர் பங்குக்கு மட்டும் கொடுங்கள், தாமதத்துக்கு மாதம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள், உங்கள் வக்கீல் வேறு, அவர் வக்கீல் வேறாக இருக்கட்டும்.

ஃபிளாட் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று பாருங்கள்.

நாங்கள் வாடகைக்கு இருந்த இடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. 108 வந்தது. ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் சாய்ந்தும் நுழையவில்லை. கடைசியில் நீலக்கலர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து வேட்டியால் கட்டி, வாட்ச்மேனும் இன்னும் மூன்று பேரும் படி வழியாக இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கத்திய கத்தல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்று ராத்திரி என் மனைவி டேப்பை எடுத்துக்கொண்டு போய் லிஃப்டை அளந்தார்.

தொண்ணூறுகளில் கட்டிய பல மூன்று மாடிக் கட்டடங்களில் லிஃப்டே கிடையாது. முதல் மாடிதானே என்று அறுபதில் வாங்கியவர்கள் எண்பதில் கீழே இறங்குவதில்லை. தரைத்தளம் வாங்கலாம் என்றால் சென்னையில் வெள்ளத்தை யோசிக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023-ல் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளத்தில் என்ன நடந்தது என்று அங்கிருப்பவர்களைக் கேளுங்கள், புரோக்கரை அல்ல. கோடையில் தண்ணீர் லாரி மாதம் எத்தனை வருகிறது, கார்ப்பஸ் நிதி (சங்கத்தின் சேமிப்பு) எவ்வளவு இருக்கிறது, யுடிஎஸ் (மனையில் ஃபிளாட்டுக்கு வரும் பங்கு) எவ்வளவு, சங்கத்தில் கேஸ் ஏதும் ஓடுகிறதா என்பதும் அப்படித்தான்.

கோயம்புத்தூர்ப் பக்கம் சீனியர் சிட்டிசன் குடியிருப்புகள் எப்படி?

சமையல் கவலை இல்லை, படுக்கைக்குப் பக்கத்தில் அழைப்பு மணி, பேச்சுத் துணை. தனியாக மிஞ்சுகிறவருக்கு உண்மையிலேயே நல்ல இடம். நான் இரண்டு இடத்தில் விருந்தினராகத் தங்கிப் பார்த்தேன். ஒன்றில் இரவு ஏழு மணிக்கே சாப்பாடு முடிந்து தாழ்வாரம் வெறிச்சோடிவிட்டது. இன்னொன்றில் பத்து மணி வரை சீட்டுக்கட்டும் சிரிப்பும். இதெல்லாம் விளம்பரத்தில் தெரியாது, குறைந்தது ஒரு வாரம் தங்குங்கள்.

கேட்க வேண்டியவை: ஊருக்குப் போனாலும் சாப்பாட்டுக் கட்டணம் ஓடுமா? விற்றால் வயதானவருக்கு மட்டும்தான் விற்க வேண்டுமா? மறதி நோய் வந்தாலோ படுத்தபடுக்கையானாலோ அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, “அழைத்துக்கொண்டு போங்கள்” என்பார்களா? கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிரயத்துக்கு வாங்குவதற்கு முன் வாடகைக்கோ லீசுக்கோ கிடைக்குமா என்று பாருங்கள்.

ரிவர்ஸ் மார்ட்கேஜ்?

2007-லிருந்து இருக்கிறது. அறுபது வயதானவர் வீட்டை அடமானம் வைத்து மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாம், இருவர் காலம் வரை அங்கேயே இருக்கலாம், வரும் பணத்துக்கு வரி இல்லை. நம் ஊரில் எடுபடவில்லை. வங்கிக் கிளையில் போய்க் கேட்டால் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே புதிது. பிள்ளைகள் இல்லாதவர்கள், வேறு வருமானம் இல்லாதவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

இப்போதே பிள்ளை பெயருக்கு எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தால்?

உயில் எழுதுங்கள். செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதாதீர்கள். செலவு குறைவு என்று யார் சொன்னாலும் சரி. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, பிறகு அவர்கள் கைவிட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால் அதை நிரூபிப்பதற்கே இழுத்தடிக்கும். நம் பிள்ளை அப்படி இல்லை என்பீர்கள். சரி, இருக்கட்டும். அப்போதும் உயில் போதுமே.

பிள்ளைகளோடு போய் இருந்துவிட்டால்?

போய் வாருங்கள், வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள். கனடாவின் சூப்பர் விசாவில் ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை இருக்கலாம். நாங்கள் இருந்தது ஐந்து மாதம். பனியில் வெளியே போக முடியாமல், பேரனின் ஸ்கூல் பஸ் வரும் நேரத்தை ஜன்னலில் நின்று பார்ப்பதே பொழுதுபோக்காகிவிட்டது. மகன் ஒரு குறையும் வைக்கவில்லை, குறை அதுவல்ல.

ஒருவர் போகலாம் என்கிறார், மற்றவர் முடியாது என்கிறார். என்ன செய்வது?

எங்கள் வீட்டில் மனைவி போகலாம் என்றார், நான் முடியாது என்றேன். அதனால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழவந்தாங்கலில் ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்தோம். பதினோரு மாதம். வாடகையையும் மற்றதையும் சேர்த்து மூன்று லட்சத்துக்குள் முடிந்தது. மேலே சொன்ன கணக்கில் பத்திரச் செலவே பத்து லட்சம் என்பதை நினைத்துக்கொண்டால் இது மலிவான பாடம்.

நடந்தது என்னவென்றால், எனக்கு ஃபிளாட் பிடித்துப்போயிற்று. மோட்டார் போட வேண்டாம், கேட் பூட்ட வேண்டாம், கீழே இறங்கினால் பேச நாலு பேர். அவருக்குத்தான் பிடிக்கவில்லை. “ஏங்க, வாசலே இல்லையே. கோலத்தைப் போட்டா லிஃப்டுக்கு முன்னாடி போடணும்” என்றார். துணி காயப்போட இடமில்லை, சமையலறையில் பின்கதவு இல்லை, கறிவேப்பிலைக்குக்கூடக் கடைக்குப் போகவேண்டும். மூன்று வருடம் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தது தலைகீழாகிவிட்டது. விற்றுவிட்டு இதைத் தெரிந்துகொண்டிருந்தால்?

இருப்பதென்றே முடிவு செய்தால்?

திரும்பி வந்து கீழ்த்தளத்துக்குள் குடித்தனத்தைச் சுருக்கிக்கொண்டோம். மாடிக்குத் தனிப் படி இருந்ததால் ஒரு சமையலறை போட்டு வாடகைக்கு விட்டோம். 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்தோம். வந்தவர்கள் இளம் தம்பதி, கைக்குழந்தை. அதிக வாடகை தருவதாக நாலு பேச்சிலர்கள் கேட்டார்கள், கொடுக்கவில்லை. வாடகையைவிட ராத்திரி கூப்பிட்டால் இறங்கி வருவார்களா என்பதுதான் எங்களுக்குக் கணக்கு. போன ஐப்பசியில் எனக்குத் தலைசுற்றி விழுந்தபோது மனைவி மாடிப்படியடியில் நின்று ஒரு குரல் கொடுத்தார், அந்தப் பையன் சட்டை போடாமல் ஓடிவந்தான்.

வீட்டுக்குள் செய்ததில் உருப்படியானது குளியலறைதான். வழுக்காத தரை ஓடு, மூன்று கைப்பிடிக் கம்பி, வெஸ்டர்ன் டாய்லெட், வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள். சம்ப்புக்குத் தானியங்கி மோட்டார் சுவிட்ச் போட்டோம். தென்னையை வெட்டிவிட்டோம், அன்று மனைவி மத்தியானம் சாப்பிடவில்லை. அப்புறம், மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-ஐயும் குடும்ப டாக்டர் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

சாமான்களை என்ன செய்வது?

எங்கே இருந்தாலும் பரண் காலியாக வேண்டும். பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கெடு வைத்தோம், வேண்டியதைப் படம் பார்த்துச் சொல்லச் சொன்னோம். மகள் கொலு பொம்மைகளில் தசாவதார செட்டைக் கேட்டாள், மகன் தன் கேரம் போர்டை மட்டும். புத்தகங்களை எடைக்குப் போட மனம் வராமல் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுத்தேன். பித்தளைப் பாத்திரங்களைக் கடையில் எடைபோட்டபோது என் கல்யாணத்துக்கு வந்த பாதிப் பேரின் பெயர்கள் அதில் வெட்டியிருந்தன, கடைக்காரர் எடையை மட்டும் சொன்னார். மாமியார் வீட்டு அண்டாவை விற்க மனைவி சம்மதிக்கவில்லை. அது மாடியில் நிற்கிறது. மேல் வீட்டுப் பெண் அதில்தான் குழந்தைத் துணிகளை ஊறவைக்கிறாள்.